உள்தாழ்ப்பாள்

கதவைக் கழற்றி
இரண்டு பெஞ்சுகளின்மேல் படுக்கவைத்தேன்.
நல்ல டர்பன்டைன் பலகை. கறையான்கூடத் தொடவில்லை.
சக்கிறிஸ்தி அறையில் நடப்பது
இனி வெளியே தெரிய வேண்டுமாம்.
பங்குச்சபைத் தீர்மானம்:
நெஞ்சுயரத்தில் ஒரு கண்ணாடி,
ஒன்றரை அடிக்கு ஓர் அடி.

'யாரோட நெஞ்சுக்கு, பாஸ்?'
என்று கேட்டாள் பிலவேந்திரம்மாள்,
பிள்ளைக்காம்பராவில் இருபது வருசம் வேலை செய்தவள்.
கதவை நிமிர்த்தச் சொன்னாள்.
சுண்ணக்கட்டியை வாங்கித்
தன் இடுப்புக்கும் கீழே கோடு போட்டாள்.
'ஆறு வயசுப் பிள்ளை எட்டிப் பார்க்கணும்.
இங்கேருந்து வெட்டுங்க.'

உபதேசியார் வந்து பார்த்தார்.
மங்கல் கண்ணாடி போட்டால் மரியாதையாக இருக்குமே,
சுவாமி உடுப்பு மாற்றுகிற இடம் என்றார்.
'உடுப்புக்கு மேலதானே உடுப்பு போடுறாரு' என்றாள் அவள்.
அவர் குடையை விரித்துக்கொண்டு போனார்.
மழை இல்லை.

மழையே இல்லாத வருசம் இது.
மவுசாக்கலையில் தண்ணீர் இறங்கிப்
பழைய டவுனின் சுவர்கள் வெளியே நிற்கின்றன.
பஸ்ஸை நிறுத்திப் படம் எடுக்கிறார்கள்.
அங்கே ஓர் ஊர் இருந்தது எல்லோருக்கும் தெரியும்.
தண்ணீர் நிறைந்திருக்கையில்
யாரும் அதைப் பேசுவதில்லை.

வாளை எடுக்குமுன் தாழ்ப்பாளைக் கழற்ற வேண்டும்.
பித்தளை. ஆறங்குலம். உள்பக்கம்.
மூன்று திருகாணி சுழன்று வந்தன.
நாலாவதன் தலை தேய்ந்திருந்தது.
தேய்த்தவன் நான்தான்,
தொண்ணூற்றெட்டில், அவசரத்தில்,
பொருந்தாத திருப்புளியால்.

அவசரம் என்னுடையதல்ல.
நாளைக்குப் பாடற்குழுப் பிள்ளைகள் வருவார்கள்,
இன்றைக்கே முடித்துவிடு என்றார்
அப்போதிருந்த ஆர்மோனியக்காரர்.
அறுபது ரூபாய். அதற்குமேல் ஒரு பால் தேத்தண்ணி.
உள்ளே எதற்குத் தாழ்ப்பாள்
என்று நான் கேட்கவில்லை.
வெளிப்பூட்டே போதும் என்று
தொழில் தெரிந்தவன் சொல்லியிருக்கலாம்.
தேத்தண்ணியில் சீனி கூட.
அது மட்டும் நன்றாக ஞாபகம் இருக்கிறது.

அந்த வருசந்தான்
மேட்டு லயத்து யாகப்பனின் மகன்
பூசைக்கு மணியடிக்க வரமாட்டேன் என்றான்.
தகப்பன் அடித்தான். அடித்தும் வரவில்லை.
சுவாமி வீடு கூட்டின திரேசாயி, வளர்ந்த பொம்பளை,
விடியுமுன் கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போனாள்.
கோயில் பெயர் கெடும் என்றார்கள்.
பெயர் என்னவோ கூரைத் தகரம் மாதிரி,
ஓர் ஓட்டை விழுந்தால்
எல்லோரும் நனைந்துபோவோம் என்பது மாதிரி.
நனைந்தவர்கள் அடியில் நின்றிருந்தார்கள்,
முதலிலிருந்தே.

இப்போது சுவரில் ஒரு தாள்.
பெரியவர் ஒருவர் பிள்ளையோடு தனித்திருக்கக் கூடாது.
பிள்ளை சொன்னால் நம்புங்கள்.
பெரியவர்கள் சொன்னாலும்தான்.
சுவாமியிடம் சொன்னதோடு நிறுத்தாதீர்கள்:
பிள்ளைகளுக்கு 1929, பொலிஸ் பக்கத்தில்.
பிலவேந்திரம்மாளின் கையெழுத்து.
நம்புங்கள் என்பதன் கீழே
இரண்டு தரம் கோடு கீறியிருக்கிறாள்,
தாள் கிழிகிற அளவுக்கு.

வெட்டினேன். தெளிந்த கண்ணாடி.
புட்டி காய இரண்டு நாள்.
கதவை மாட்டியதும்
ஒரு சின்னப் பெண் ஓடிவந்து மூக்கை அழுத்தினாள்.
மூச்சில் கண்ணாடி மங்கியது. துடைத்துவிட்டுப் பார்த்தாள்.
'உள்ள ஒண்ணுமே இல்லையே' என்றாள்
ஏமாற்றத்தோடு.

கூலியை எண்ணித் தந்தாள் பிலவேந்திரம்மாள்.
'அந்தப் பித்தளைய வித்துக்குங்க, பாஸ். விலை இருக்கு.'
தாழ்ப்பாள் என் சட்டைப் பையில் கனத்தது.
முறைப்பாட்டுக் கொப்பியைக் கேட்டேன்.

முதல் பக்கம் வெறுமையாக இருந்தது.
ஆறு மாதமாக அந்த வெறுமையைக் காட்டித்தான்
நம் பங்கில் ஒன்றுமில்லை என்றிருந்தார்கள்.
எனக்கு எழுத்து ஒழுங்காக வராது.
பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டேன்.

தாழ்ப்பாள் போட்டது நான்.
தொண்ணூற்றெட்டு, தவக்காலம்.
காசு தந்தவர்

அங்கே நின்றேன்.
அவர் பெயருக்கு இரண்டு சுழியா, மூன்று சுழியா
என்று கேட்டேன்.

மூன்று, என்றாள்.
யார் என்று
அவள் கேட்கவில்லை.